அலுமினியம் என்ன கலர்?

ஆபீஸ் கேன்டீனில் நான்கு பேரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டேன். ஒருவர் 'வெள்ளை' என்றார். ஒருவர் 'சில்வர்' என்றார். மூன்றாமவர் 'சாம்பல்' என்றார். நான்காமவர் 'கிலோ என்ன விலைக்கு எடுக்கிறான்?' என்று கேட்டார். அவர் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன். நான்கு பேருக்கும் மார்க் கிடையாது. சரியான பதில் கிடைக்க எனக்கு ஒரு டகோட்டா விமானமும், புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு பாத்திரக் கடையும், இருபத்து மூன்று வயசுப் பையன் ஒருவனின் ஆறு மாதத் தூக்கமும் தேவைப்பட்டன.

பாத்திரக் கடை என் தம்பியுடையது. பையன் அவனுடைய மகன். போன மாசம் தம்பி போன் பண்ணினான்.

"அண்ணே, ஒரு நடை வந்துட்டுப் போங்க. இவன் ராத்திரி பூரா கம்ப்யூட்டர்ல ஏரோப்ளேனுக்குப் பெயின்ட் அடிக்கிறான். காலைல நான் கடை திறக்கிற நேரத்துக்குத்தான் படுக்கவே போறான். நீங்க சொன்னாக் கேப்பான்."

நான் சொல்லி இதுவரை யாரும் எதையும் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. இருந்தாலும் நம்மையும் ஒரு ஆளாக மதித்துக் கூப்பிடுகிறானே என்று ஞாயிற்றுக்கிழமை திருச்சியிலிருந்து பஸ் ஏறினேன்.

திருச்சி ஏர்போர்ட் இருப்பதே புதுக்கோட்டை ரோட்டில்தான். பஸ் அதைத் தாண்டும்போது தூங்கிக்கொண்டு வருகிற ஆள்கூட ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்குவார். எனக்கும் அந்த வியாதி உண்டு. இப்போது அங்கே வந்து நிற்பதெல்லாம் பெயின்ட் அடித்த விமானங்கள். 1953ல் இந்தியன் ஏர்லைன்ஸ் ஆரம்பித்தபோது கையில் இருந்த 99 விமானங்களில் 74 டகோட்டா. அந்தக் காலத்தில் உலகம் முழுக்கவே நிறைய விமானங்களுக்குப் பெயரும் ஒரு பட்டைக் கோடும்தான் பெயின்ட். மற்றபடி வெறும் அலுமினியம், வெயிலில் கண் கூசும். பெயின்ட்டும் எடைதானே? அமெரிக்க விமானப்படை 1944 வாக்கில் புது விமானங்களுக்குப் பெயின்ட் அடிப்பதையே விட்டுவிட்டது. வேகமும் கிடைத்தது, வேலையும் மிச்சம்.

தம்பி மகன் மாடி ரூமில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "வாங்க பெரியப்பா" என்று எழுந்து இருந்த ஒரே நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு அவன் கட்டிலில் உட்கார்ந்தான். ஸ்க்ரீனில் டகோட்டா. மூக்கைத் தூக்கிக்கொண்டு, வாலைத் தரையில் வைத்துக்கொண்டு நின்றது.

சொற்பொழிவை நான் பஸ்ஸிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். 'உன் வயசுல நான்' என்று ஆரம்பிக்கும். ஆரம்பிப்பதற்கு முன் மரியாதைக்கு, "இது என்னப்பா?" என்று கேட்டுவிட்டேன். அதோடு என் சொற்பொழிவு முடிந்தது.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிற ஃப்ளைட் சிமுலேட்டருக்குத் தனியாக விமானங்கள் செய்து விற்கிற கம்பெனிகள் வெளிநாட்டில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு இவன் வேலை கேட்டு எழுதியிருக்கிறான். அவர்கள் ஒரு டகோட்டாவின் வெற்று உருவத்தை அனுப்பி, 'இதற்குப் பெயின்ட் அடிக்காத அலுமினியத் தோல் போட்டு அனுப்பு. மத்தியானம் ஒரு படம், சாயங்காலம் ஒரு படம்' என்று பரீட்சை வைத்தார்கள். இவன் நாலு மாசம் உழைத்து அனுப்பினான். ஒரே வரியில் பதில் வந்தது: 'பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது.' கெஞ்சி எழுதியதில் இன்னொரு சந்தர்ப்பம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மாசம் அவகாசம். அதில் பாதிக்கு மேல் போய்விட்டது.

"அப்பாட்ட சொன்னியா?"

"சொன்னா, ப்ளேனுக்குப் பெயின்ட் அடிக்க எவன் சம்பளம் கொடுப்பான்னு கேப்பாரு பெரியப்பா."

நானும் அதைத்தான் கேட்க இருந்தேன். கேட்கவில்லை.

டெக்ஸ்சர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் இந்தப் பாராவைத் தாண்டிப் போகலாம். டெய்லர் சட்டைத் துணியை வெட்டி மேஜையில் விரிப்பார் இல்லையா, முதுகு தனி, கை தனி, காலர் தனி? அந்த மாதிரி விமானத்தின் தோலை உரித்துச் சதுரமான ஒரு படத்தில் பரப்பி வைக்கிறார்கள். அந்தப் படத்தில் வரைவதெல்லாம் விமானத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். மைக்ரோசாஃப்ட்டின் ஃப்ளைட் சிமுலேட்டர் 1982ல் வந்தபோது இதெல்லாம் கிடையாது. ஒரு கோடு அடிவானம், இரண்டு கோடு ரன்வே. 1993ல் வந்த ஐந்தாவது பதிப்பில்தான் பரப்புகளுக்குப் படம் ஒட்ட ஆரம்பித்தார்கள். 2003ல் வந்த பதிப்பில் பளபளப்பு ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. படத்தோடு ஆல்ஃபா சானல் என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு கறுப்பு வெள்ளைப் படமும் போகும். அது எவ்வளவு கறுப்போ அவ்வளவு மினுமினுப்பு. ஆசைப்பட்டுக் கறுப்பை அள்ளிப் பூசினவர்களின் விமானங்கள் எல்லாம் கல்யாணத்துக்கு வாங்கிய எவர்சில்வர் டம்ளர் போல வானத்தில் பறந்தன.

பையன் அந்தக் காலத்துப் பாடங்களைப் பார்த்துத்தான் ஸ்கூல் நாளில் தொழில் பழகியிருக்கிறான். உலோகம் வேண்டுமென்றால் சாம்பல் கலர் எடு, மேலே ஒரு வெள்ளைக் கீற்று இழு, கீழே ஒரு கறுப்பு நிழல் போடு. தூரத்திலிருந்து பார்த்தால் உருளை மாதிரி, உலோகம் மாதிரி இருக்கும். கம்ப்யூட்டருக்குச் சக்தி போதாத நாளில் அது சரி. லாரியின் பின்னால் தாமரை வரைகிற பெயின்டரும் அப்படித்தான் செய்வார்.

இப்போது வழி வேறு. 2012ல் டிஸ்னி ஸ்டூடியோவைச் சேர்ந்த பிரென்ட் பர்லி என்பவர், கார்ட்டூன் படத்துக்காகத் தாங்கள் செய்த ஒரு முறையை வெளியிட்டார். எந்தப் பொருளையும் ஒரு சில குமிழ்களைத் திருகியே வர்ணித்துவிடலாம். அதில் முக்கியமானவை இரண்டு. மெட்டாலிக்: இது உலோகமா, இல்லையா? ரஃப்னெஸ்: மேல்பரப்பு எவ்வளவு சொரசொரப்பு? மற்றதைக் கணக்குப் பார்த்துக்கொள்வது கம்ப்யூட்டரின் தலையெழுத்து. இந்த வழி சினிமாவிலிருந்து விளையாட்டுகளுக்கு வந்து, 2017ல் எக்ஸ்-ப்ளேன் 11, 2020ல் மைக்ரோசாஃப்ட்டின் புது சிமுலேட்டர் என்று விமானங்களுக்கும் வந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட்டில் இந்த விவரத்தை எல்லாம் ஒரே படத்தில் அடைத்துவிடுகிறார்கள். சிவப்பில் நிழல் தங்கும் இடுக்குகள், பச்சையில் சொரசொரப்பு, நீலத்தில் உலோகமா என்பது. பையன் அந்தப் படத்தைத் திறந்து காட்டினான். உலோக இடமெல்லாம் ரோஸ், பெயின்ட் எழுத்தெல்லாம் ஆரஞ்சு. ஹோலிப் பண்டிகைக்கு மறுநாள் தெரு மாதிரி இருந்தது.

"எல்லாம் சரியாத்தானே வச்சிருக்கே, அப்புறம் ஏன் பிளாஸ்டிக்?"

அவன் பதில் சொல்வதற்குள் தம்பி காப்பி டம்ளர்களோடு படியேறி வந்தான். ஸ்க்ரீனைப் பார்த்தான். முப்பது வருஷமாகக் கடையில் நிற்கிறவன், கம்ப்யூட்டரைக் கண்டாலே ஆகாது. காப்பியை என் கையில் கொடுத்துவிட்டு, "ஏன்டா, இது என்ன, பிளாஸ்டிக் குடமா?" என்றான்.

பையன் என்னைப் பார்த்தான். நான் பையனைப் பார்த்தேன். கடல் தாண்டி வந்த அதே வார்த்தை.

"இல்லப்பா. அலுமினியம்."

"யார் சொன்னா? அதைக் கொஞ்சம் திருப்பு."

பையன் மவுஸை இழுத்து விமானத்தைத் திருப்பினான். தம்பி கண்ணை இடுக்கினான்.

"நிறுத்து. ஏரோப்ளேன் திரும்புது. அது மேல இருக்கிற பளபளப்பும் கூடவே திரும்புது பாரு. பாத்திரத்தைத் திருப்பினா பளபளப்பு திரும்புமாடா? வெளிச்சம் எங்க இருக்கோ அங்கதானே நிக்கும்! நாளைக்குக் காலைல கடைக்கு வா, காமிக்கிறேன்."

அவன் போனபிறகு கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பையன் மெதுவாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டான். மெட்டாலிக் குமிழை முழுசாகத் திருகியபோது விமானம் கறுப்பாகிவிட்டதாம். பயந்துபோய்ப் பாதியில் வைத்துவிட்டு, இருட்டை ஈடுகட்டப் பழைய பழக்கத்தில் வெள்ளைக் கீற்றுகளை வரைந்துவிட்டான். உலகத்தில் பாதி உலோகம் என்று எதுவும் கிடையாது. பாதி என்று சொன்னால் கம்ப்யூட்டர் பிளாஸ்டிக் பக்கம்தான் சாயும்.

ஏன் கறுப்பானது? இங்கேதான் கேன்டீன் கேள்விக்குப் பதில் இருக்கிறது. வீட்டில் ஒரு கத்தரிக்காயையும் ஒரு செப்புச் சொம்பையும் எடுத்து ட்யூப்லைட்டுக்குக் கீழே வையுங்கள். (மனைவி கேட்டால் பத்திரிகையில் போட்டிருந்தான் என்று என்னைக் காட்டிக்கொடுத்துவிடலாம்.) கத்தரிக்காய் ஊதா, ஆனால் அதன் மேல் விழுகிற ட்யூப்லைட் கீற்று வெள்ளை. செப்புச் சொம்பின் மேல் விழுகிற கீற்று வெள்ளை இல்லை, செம்பு நிறம். கத்தரிக்காய், பிளாஸ்டிக், பெயின்ட் போன்றவற்றில் ஒளி உள்ளே நுழைந்து கலர் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறது. மேலாகத் திரும்புவது நேராகப் பார்த்தால் நூற்றுக்கு நாலு பங்குதான், அதுவும் கலர் ஏதும் வாங்காமல். உலோகத்தில் உள்ளே போகிற ஒளி திரும்பி வராது. பிரதிபலிப்புத் தவிர அதனிடம் வேறு சரக்கே கிடையாது. அலுமினியம் விழுகிற ஒளியில் 90 சதவீதம் போலத் திருப்பி அனுப்பிவிடும். எவர்சில்வர் அதைவிட நன்றாகவே குறைவு, அதனால்தான் அலுமினியத்தின் பக்கத்தில் வைத்தால் கொஞ்சம் இருண்டு தெரிகிறது.

1981ல் ராபர்ட் குக், கென்னத் டொரன்ஸ் என்று இரண்டு அமெரிக்கர்கள் இதைத்தான் கம்ப்யூட்டர்காரர்களுக்குச் சொன்னார்கள். நீங்கள் போடுகிற படமெல்லாம் பிளாஸ்டிக் மாதிரி இருப்பதற்குக் காரணம், எல்லாவற்றின் மேலும் வெள்ளைக் கீற்றையே போடுகிறீர்கள் என்று ஒரு செப்பு ஜாடியை வரைந்து காட்டினார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் நம் பையனுக்கு அதே வியாதி.

ஆக, அலுமினியத்துக்கு என்று ஒரு கலர் கிடையாது. சுற்றி என்ன இருக்கிறதோ அதுதான் அதன் கலர். பையன் விமானத்தை வைத்துப் பார்த்த இடத்தில் வானம் இல்லை, தரை இல்லை, வெறும் இருட்டு மேடை. சுற்றி ஒன்றும் இல்லாவிட்டால் உலோகம் கறுப்பாகத்தான் தெரியும். குமிழ் சரி, இடம்தான் தப்பு.

மறுநாள் லீவு போட்டுவிட்டேன். ஆபீஸுக்குச் சொன்ன காரணம் வேறு.

காலை எட்டரைக்குக் கடை. பையன் தூக்கக் கலக்கத்தோடு கேமராவை எடுத்துக்கொண்டு வந்தான். தம்பி கல்லாவுக்குச் சாமி கும்பிட்டுவிட்டு ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துப் பிடித்தான். தட்டின் அடியில் கடைசல் போட்ட வட்ட வட்டக் கோடுகள் இருக்குமே, அதில் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் விசிறி மாதிரி ஒளி விரிந்து நின்றது. தட்டைச் சுற்றினான். விசிறி அசையவில்லை.

"கோடு எப்படிப் போகுதோ அதுக்குக் குறுக்க வெளிச்சம் இழுக்கும். அலுமினியத் தகடும் ரோலர்ல வர்றதுதானே, அதுலயும் கோடு இருக்கும். உன் ஏரோப்ளேன்ல தகட்டை எல்லாம் ஒரே பக்கமா ஒட்டியிருக்கானா, மாத்தி மாத்தி ஒட்டியிருக்கானா?"

பையன் பேசவில்லை. டகோட்டாவின் படத்தைப் போனில் பெரிசாக்கிப் பார்த்தான். ஒரே அலுமினியம், ஆனால் ஒரு தகடு வெளிறி, பக்கத்துத் தகடு இருண்டு, கட்டம் கட்டமாக இருந்தது. அதை இவன் அழுக்கு என்று நினைத்து முதல் தடவை வழித்துத் துடைத்துச் சுத்தமாக வரைந்திருந்தான்.

அடுத்து ரிப்பேருக்கு வந்திருந்த ஒரு பழைய குடம். தேங்காய் நார் போட்டு இருபது வருஷம் தேய்த்த குடம். கோடுகள் எல்லாத் திசையிலும் கன்னாபின்னாவென்று ஓடின. ஆனால் பல்பைக் காட்டினால் அதைச் சுற்றி மட்டும் சிலந்தி வலை மாதிரி வட்டமாக மின்னின. பல்பை நகர்த்தினால் வலையும் நகர்ந்தது. குடத்தில் இடுப்புக்குக் கீழே ஒடுக்கு விழுந்திருந்தது. அந்த இடத்தில் மட்டும் எதிர்க்கடை போர்டு நெளிந்து தெரிந்தது. விமானத் தகடும் அப்படித்தான், ரிவெட் வரிசைக்கு ரிவெட் வரிசை லேசாக உப்பியும் குழிந்தும் இருக்கும். கண்ணாடி மாதிரி நேராக இருந்தால் அது கம்ப்யூட்டர் போட்டது என்று குழந்தை கூடச் சொல்லிவிடும்.

இந்த நெளிசலை எல்லாம் உருவத்தில் செதுக்க வேண்டியதில்லை. பாத்திரத்தில் பேர் வெட்டுகிற மெஷின் தெரியுமல்லவா, 'டிர்ர்ர்' என்று புள்ளி புள்ளியாக 'சீர்: தாய்மாமன்' என்று வெட்டுமே, அது தகட்டைத் துளைப்பதில்லை. மேல்பரப்பைக் கொஞ்சம் சாய்க்கிறது, வெளிச்சம் அந்தச் சாய்வில் வேறு பக்கம் திரும்புகிறது, நம் கண்ணுக்கு எழுத்துத் தெரிகிறது. ஜிம் பிளின் என்பவர் 1978ல் இதே தந்திரத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தார். பரப்பைத் தொடாதே, 'இந்தப் புள்ளி இந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது' என்று வெளிச்சத்திடம் பொய் சொல், போதும். லட்சக்கணக்கான ரிவெட்டுகள் இந்தப் பொய்யில்தான் நிற்கின்றன. பையன் ப்ளஸ் டூ லீவில் அந்த மெஷினில் உட்கார்ந்து பேர் வெட்டியவன்தான். அவனுக்கு இது உறைக்கவே இல்லையாம்.

நடுவில் வெங்கலப் பானை வாங்க வந்த ஒரு அம்மா, பையன் தரையில் படுத்துக்கொண்டு குடத்தைப் போட்டோ எடுப்பதைப் பார்த்து, "தம்பிக்கு உடம்பு சரியில்லையா?" என்று தம்பியிடம் ரகசியமாக விசாரித்தார்.

கடைசியாகத் தம்பி கல்லாப்பெட்டியின் மூலையிலிருந்து ஒரு சின்னச் செப்புக் காசை எடுத்தான். அம்மன் காசு. புதுக்கோட்டை தனி சமஸ்தானமாக இருந்தபோது அடித்தது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்துத் தானம் கொடுப்பார்களாம். 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது, காசு கல்லாப்பெட்டிகளின் மூலைக்குப் போனது.

"பாரு. கை பட்டுப் பட்டு மேடெல்லாம் தேஞ்சு மின்னுது. பள்ளத்துல கறுப்பு. அம்பாளோட முகம் இருக்கிறது அந்தக் கறுப்பாலதான். இதைப் புளி போட்டு விளக்கினேன்னு வச்சுக்க, முகமே போயிரும். உன் ஏரோப்ளேனை யாரு தொடுவா? எங்க தொடுவா?"

பையன் விரல் விட்டு எண்ணினான். கதவு ஓரம், சரக்கு ஏற்றுகிறவர் கை வைப்பது. இறக்கை உடம்போடு சேருகிற இடம், மெக்கானிக் கால் வைப்பது. எஞ்சின் மூடியின் பூட்டுகள், தினமும் திறப்பது.

"அந்த இடமெல்லாம் மின்னணும். அதுக்குப் பக்கத்துப் பள்ளத்துல அழுக்கு நிக்கணும். எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி மின்னினா அது கடைல இருக்கிற பாத்திரம். வீட்ல இருக்கிற பாத்திரம் அப்படி இருக்காது."

முப்பது வருஷத்தில் அவன் தொடர்ச்சியாக இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அவன் கல்யாணத்தில்கூட.

மத்தியானம் திருமயம் தாண்டி ராயவரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. பையனும் தொற்றிக்கொண்டான். புதுக்கோட்டை மாவட்டத்துச் செட்டிநாட்டு ஊர்களில் அதுவும் ஒன்று. அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவரைப் பார்த்திருக்கிறீர்களா? சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த பூச்சு. கை வைத்தால் பளிங்கு, சாய்வாக நின்று பார்த்தால் வாசல் வெளிச்சம் அப்படியே தெரியும். பையன் சுவரோரமாகக் கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "பெரியப்பா, ரஃப்னெஸ் ஜீரோகிட்ட. மெட்டாலிக்கும் ஜீரோ" என்றான். வீட்டுக்காரர் சுவரில் ஏதோ விரிசல் கண்டுபிடித்துவிட்டான் என்று பயந்துவிட்டார். மின்னுவதெல்லாம் உலோகம் இல்லை, உலோகமெல்லாம் மின்னுவதும் இல்லை. இரண்டு குமிழ்களும் தனித்தனி என்பது அவனுக்கு அந்தச் சுவரில்தான் உறைத்தது.

இதற்கு டகோட்டாவிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. அதன் உடம்பு டூராலுமின் என்கிற கலப்புத் தகடு. பலம் அதிகம், ஆனால் அரிப்புக்குப் பயந்தது. அதனால் இரண்டு பக்கமும் சுத்த அலுமினியத்தை மெல்லிசாக, சப்பாத்திக்கு நெய் தடவுகிற மாதிரி ஒட்டியிருப்பார்கள். பாலிஷ் போட்டால் முகம் தெரியும். ஆனால் வாலில் திரும்புகிற சுக்கானும், இறக்கை ஓரத்தில் அசைகிற பலகைகளும் தகடே இல்லை, துணி! எடை குறைய வேண்டுமென்று சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, வெயில் துணியை அரிக்காமல் இருக்க அலுமினியத் தூள் கலந்த மருந்தைப் பூசியிருப்பார்கள். தூரத்திலிருந்து எல்லாம் ஒரே வெள்ளிதான். கிட்டப் போனால் தகட்டில் மேகம் தெரியும், துணியில் ஒன்றும் தெரியாது, மங்கலாக மினுக்கும். பையனின் முதல் டகோட்டாவில் சுக்கானிலும் மேகம் தெரிந்தது. அனுப்பிய கம்பெனிக்காரன் சிரித்திருப்பான்.

நிஜ விமானக் கம்பெனியே இந்தச் சங்கடத்தில் மாட்டிக்கொண்டதுண்டு. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பல வருஷமாகத் தன் விமானங்களைப் பெயின்ட் இல்லாமல் பாலிஷ் போட்டே ஓட்டியது. புதிதாக வாங்கிய போயிங் 787ன் உடம்பு பெரும்பாலும் கார்பன், பாலிஷ் போட அங்கே உலோகமே இல்லை. 2013ல் வெள்ளி மாதிரி மின்னுகிற பெயின்ட்டுக்கு மாறிவிட்டார்கள். நிஜமும் சிமுலேட்டராகிவிட்டது.

பையன் மூன்று வாரம் மறுபடி ராத்திரி விழித்தான். ஆனால் காலையில் கடைக்கு வந்துவிட்டான், கேமராவோடு. தம்பிக்கு அதிலேயே பாதிக் கோபம் போய்விட்டது. போன சனிக்கிழமை நான் மறுபடி போனபோது மாடி ரூமில் ஜன்னல் திறந்திருந்தது. வெள்ளைக் கீற்று, கறுப்பு நிழல் எல்லாவற்றையும் அழித்துவிட்டிருந்தான். தோல் படத்தைத் தனியாகப் பார்த்தால் வெளிறிய ஒரே மாதிரிச் சாம்பல், எருமைத் தோல் தேவலை. அத்தனை உழைப்பும் ரஃப்னெஸ் படத்தில் இருந்தது. குடத்துக் கீறல், தட்டின் விசிறி, காசின் பள்ளம், எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்திருந்தன.

திருச்சி ரன்வேயிலிருந்து கிளம்பினான். சாயங்கால வெயில். தெற்கே திரும்பியபோது விமானத்தின் முதுகு நீலமாகவும் இடுப்பு அடிவானத்து மஞ்சளாகவும் இருந்தது. நார்த்தாமலைப் பாறைகளைத் தாண்டிப் புதுக்கோட்டைச் செம்மண் மேல் தாழப் பறந்தான். அப்போதுதான் வயிறு மெல்லச் சிவந்தது. அவன் சிவப்பு எதையும் பூசவில்லை. கீழே இருந்த பொட்டல், மேலே தெரிந்தது. விமானம் சாய்ந்தபோது சிவப்பும் நீலமும் தகடு தகடாக நெளிந்து இடம் மாறின. பளபளப்பு திரும்பவில்லை. வெளிச்சம் இருந்த இடத்திலேயே நின்றது.

தம்பி கதவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை நேரமாக என்று தெரியாது.

"எஞ்சின்லேருந்து ஆயில் ஒழுகாதா?"

"ஒழுகும்பா. அந்த மாதிரி எஞ்சின்ல ஒழுகலைன்னா உள்ள ஆயிலே இல்லைன்னு அர்த்தம்னு பைலட்டுங்க சொல்வாங்க."

"அப்ப அதைப் போடு."

கீழே இறங்கிப் போய்விட்டான்.

படங்களைத் திங்கட்கிழமை அனுப்பியிருக்கிறான். பதில் இன்னும் வரவில்லை. நேற்று ராத்திரி பத்தரை மணிக்குத் தம்பியிடமிருந்து போன்.

"அண்ணே, எஞ்சினுக்குப் பின்னால புகைக் கறை ரொம்பக் கம்மியா வச்சிருக்கான். அனுப்பினது அனுப்பினதுதான்கிறான். நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கிறான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."